உங்களுக்குத் தெரியுமா? லெனின் புகழ்ந்த நூல், ஸ்டாலின் காலத்தில் காணாமல் போனது!

1917 நவம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராது நகரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபோது, கூட்டத்தோடு கூட்டமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் ஓர் அமெரிக்க நிருபர். பெயர் ஜான் ரீட். துண்டறிக்கை, சுவரொட்டி, செய்தித்தாள் என்று கையில் கிடைத்த எதையும் அவர் விடவில்லை. 1918இல் நியூயார்க் திரும்பியதும் அந்தக் காகிதங்களை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரே மூச்சில் எழுதி முடித்த நூல்தான், 1919இல் வெளிவந்த 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்'.

முன்னுரை தந்தவர் போல்ஷெவிக் தலைவர் லெனின். நூல் எல்லா மொழிகளிலும் வரவேண்டும், லட்சக்கணக்கில் அச்சாக வேண்டும் என்று விரும்பினார். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் சோவியத் நாட்டிலேயே அது கிடைக்காமல் போனது. காரணம் புரியாததல்ல: நூல் நெடுக ஸ்டாலினின் அரசியல் எதிரியான ட்ராட்ஸ்கி, ஸ்டாலினோ பெயர்ப் பட்டியலில் ஒரு மூலையில்! ஸ்டாலின் மறைந்த பிறகுதான் அங்கே மறுபதிப்பு வந்தது.

ரீட் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1920 அக்டோபரில், 33 வயது நிறைய ஐந்தே நாள் இருக்கும்போது, மாஸ்கோவில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். கிரெம்ளின் சுவரோரம் அவரை அடக்கம் செய்தார்கள்.