வைத்தியக் கல்லூரியிலிருந்து மைதானத்துக்கு

நாகர் மலையிலுள்ள சாங்கி கிராமத்திலே 1918-இல் பிறந்த தாலிமெரன் ஆவ், மகன் வைத்தியனாகி ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டுமென்ற தம் தந்தையின் அபிலாஷையைச் சிரமேற்கொண்டு, 1942-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தபோது, கால்பந்தாட்டம் அவரை விட்டுவிடவில்லை. மறு வருஷமே மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் ஹாஃப் பேக் என்று வழங்கிய நடுக்கள ஸ்தானத்தில் நின்று, எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தை முன்னணியினரிடம் சேர்ப்பதுமாகிய இரட்டைப் பொறுப்பை அவர் வகித்தார். எலும்புகளின் பெயர்களை மனனம் செய்துவிட்டு, மாலையில் தம் எலும்புகளையே பணயம் வைக்கும் மாணவர் வேறு எவர் இருந்தார்களோ!

சில ஆண்டுகளுக்குள் அணித்தலைமையும் கைகூடிற்று. 1948-இல், பட்டம் பெறுவதற்கு முன்பே, லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர பாரதத்தின் கொடியேந்தி நடந்தவரும், பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடிய நம் அணிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. பிரான்ஸுடன் நடந்த ஆட்டத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தும், நம் அணியினர் இரண்டு பெனால்டிகளை வீணாக்கியதாலும், கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் மற்றொரு கோல் போட்டதாலும், 2-1 என்று தோற்றோம்.

1950-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற ஆவ், பின்னர் மலைநாடு திரும்பி வைத்தியரானார்.