ஓடும் வாகனங்களில் கரப்பான் பூச்சி: நஞ்சு தெளிப்பது மட்டும் தீர்வாகுமா?

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் தனியார் இரவுப் பேருந்து ஒன்றில் சில மாதங்களுக்கு முன்னர் பயணம் செய்ய நேர்ந்தது. விளக்குகள் அணைக்கப்பட்டுப் பயணிகள் கண்ணயரத் தொடங்கிய வேளையில் முன்னிருக்கையில் இருந்த பெண்மணி ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார். அவருடைய கழுத்தில் கரப்பான் பூச்சி ஊர்ந்திருக்கின்றது. முறைப்பாடு நடத்துனரிடம் சென்றது. அவரும் தாமதிக்கவில்லை. சாரதியின் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த பூச்சிகொல்லிப் புட்டியை எடுத்து, குளிரூட்டப்பட்டு யன்னல்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்த அந்த வாகனத்தில் ஆசனங்களுக்குக் கீழே வரிசையாக விசிறிக்கொண்டு போனார்.

சில நிமிடங்களில், தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருந்த ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் இருமத் தொடங்கினான். இருமல் இழுப்பாக மாறியது. "தம்பி, கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்கோ, பிள்ளைக்கு இழுக்குது" என்று தாயார் பதறினார். புத்தளத்தை அண்மித்த இடமொன்றில் வாகனம் நிறுத்தப்பட்டது. அரை மணி நேரம் கதவுகள் திறந்து விடப்பட்டன. தாயாரின் கைப்பையில் உறிஞ்சு மருந்து இருந்தமையால் பையன் தேறிக்கொண்டான். நடத்துனர் மிகவும் மனம் வருந்தினார். "நாங்கள் ஒவ்வொரு கிழமையும் அடிக்கிறம் ஐயா, என்ன செய்தும் போகுதில்லை" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதற்குச் சான்றாக, வவுனியாவைக் கடப்பதற்கு முன்பே கரப்பான்கள் மீண்டும் வெளிவந்து உலாவத் தொடங்கிவிட்டன.

அடித்தும் ஏன் போகவில்லை? அந்த இளைஞரின் அங்கலாய்ப்பில் அடங்கியுள்ள இக்கேள்விக்கு விடை காணாமல் எத்தனை புட்டி நஞ்சை விசிறினாலும் பயன் விளையப்போவதில்லை.

யார் இந்தப் பயணி?

நமது வீட்டுக் குளியலறைகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் காணப்படும் பெரிய செந்நிறக் கரப்பான் வேறு, வாகனங்களில் குடியேறும் கரப்பான் வேறு. முன்னையது அமெரிக்கக் கரப்பான் என அழைக்கப்படுவது. 35 முதல் 40 மில்லிமீற்றர் வரை நீளமுடையது. பின்னையது ஜேர்மன் கரப்பான். இது 12 முதல் 15 மில்லிமீற்றர் நீளம் மட்டுமே கொண்டது. இளம் பழுப்பு நிறமானது. தலைக்குப் பின்னால் இரண்டு கரிய கோடுகளைக் கொண்டிருப்பது. உணவகங்கள், கப்பல்கள், புகையிரதப் பெட்டிகள், பேருந்துகள் என மனிதர் நெருங்கி வாழும் இடங்களையே இது நாடும். மனிதரை விட்டகன்று காட்டில் வாழும் ஜேர்மன் கரப்பான் இல்லை என்றே சொல்லலாம்.

பெயர்தான் ஜேர்மன். இதன் பூர்வீகம் நமக்கு மிக அண்மையிலேயே உள்ளது. 1767 இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். எனினும் 17 நாடுகளில் திரட்டப்பட்ட 281 பூச்சிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2024 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலோ மியன்மாரிலோ வாழ்ந்த ஆசியக் கரப்பானில் இருந்தே இவ்வினம் பிரிந்தது எனக் காட்டியுள்ளது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கே மத்திய கிழக்கு நாடுகளுக்கும், சுமார் 390 ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பியரின் வணிகக் கப்பல்களோடு கிழக்கே தென்கிழக்காசியாவுக்கும் இது பரவியதாக அவ்வாய்வு கூறுகின்றது. ஆகவே, பொதிகளுக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் செல்வது இப்பூச்சிக்கு இன்று நேற்று வந்த பழக்கமன்று. கப்பலின் சரக்கறையில் தொடங்கிய பயணமே இன்று பேருந்தின் பொதித்தட்டில் தொடர்கின்றது.

பெருகும் விதம்

இதன் பெருக்கம் அச்சமூட்டுவது. பெண் கரப்பான் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 வரையான முட்டைகளை வைத்திருக்கும். ஏனைய பல கரப்பான் இனங்களைப் போன்று அக்கூட்டை எங்கேனும் போட்டுவிட்டுச் செல்லாது, பொரிக்கும் தறுவாய் வரை உடலோடு ஒட்டியே சுமந்து திரியும். வெப்பமான சூழலில் இரண்டு மூன்று மாதங்களில் குஞ்சுகள் முதிர்ந்து தாமும் இனம் பெருக்கத் தொடங்கிவிடும். ஒரு பெண் தனது வாழ்நாளில் இத்தகைய கூடுகளை நான்கு முதல் எட்டுத் தடவை வரை உண்டாக்கும். முட்டைக் கூட்டின் தடித்த உறை, தெளிக்கப்படும் நஞ்சை உள்ளே விடுவதில்லை. இன்று வளர்ந்தவை அனைத்தையும் கொன்றாலும் சில வாரங்களில் புதிய தலைமுறை தோன்றிவிடுவதற்கு இதுவே காரணம்.

அதன் வாழ்க்கைக்கு வேண்டியவை மூன்று: இடுக்கு, வெப்பம், நீர். ஐந்து மில்லிமீற்றர் அகலமுள்ள வெடிப்பு ஒன்றே அதற்கு மாளிகை. பேருந்தில் சாரதியின் முன்பலகை, அதன் பின்னாலுள்ள மின்கம்பிகள், இயந்திர மூடி, ஒலிபெருக்கிப் பெட்டி, ஆசனங்களின் அடிப்பகுதி, யன்னல்களின் இறப்பர் விளிம்பு, திரைச்சீலை மடிப்பு எனத் திரும்பும் இடமெல்லாம் இடுக்குகளே. வெப்பத்தை இயந்திரம் வழங்குகின்றது. நீரைக் குளிரூட்டியின் குழாய்களில் கசியும் ஈரம் வழங்குகின்றது.

இவற்றுள் நீரே முதன்மையானது. நீர் கிடைக்குமாயின் பெண் கரப்பான் உணவேதுமின்றி ஒரு மாதத்துக்கும் மேலாக உயிர் வாழும். நீரும் கிடைக்காவிடின் இரண்டு வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அவ்வாறிருக்க, நாம் உணவுத் துணிக்கைகளைக் கூட்டிப் பெருக்குவதோடு நின்றுவிடுகின்றோம். ஒழுகும் குழாயைக் கவனிப்பதில்லை.

அருவருப்பு மட்டுமன்று

கரப்பானை வெறும் அருவருப்புக்குரிய ஒன்றாகவே பலரும் கருதுகின்றனர். அதன் எச்சம், உமிழ்நீர், உரித்த தோல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் ஆஸ்துமா நோயைத் தூண்டுபவை. அவை தூசியோடு கலந்து பல மாதங்கள் தங்கியிருக்கும். அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் வாழும் ஆஸ்துமாச் சிறுவர்களிடையே நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வில், கரப்பான் ஒவ்வாமையும் அதன் எச்சங்கள் மிகுந்த படுக்கையறையும் ஒருங்கே அமைந்த சிறுவர்கள், ஏனையோரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டமை தெரியவந்தது.

ஆகவே அன்றிரவு அச்சிறுவனுக்கு ஏற்பட்ட இழுப்புக்குப் பூச்சிகொல்லி காரணமா, கரப்பானின் தூசி காரணமா, இரண்டுமா என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில், மூடிய பெட்டிக்குள், எட்டு மணித்தியாலங்கள் சுவாசிக்குமாறு அவன் விடப்பட்டான் என்பது மட்டும் உறுதி. வீட்டில் மருந்து தெளித்தால் முற்றத்தில் போய் நிற்கலாம். ஓடும் பேருந்தில் பயணி எங்கே போவார்?

விசிறல் ஏன் தோற்கின்றது?

கடைகளில் விற்பனையாகும் விசிறல்களிற் பெரும்பாலானவை பைரித்ரொயிட் என்னும் வகையைச் சேர்ந்தவை. பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தமையால் ஜேர்மன் கரப்பான்கள் உலகின் பல பாகங்களிலும் இவற்றுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. மேலும் இந்நஞ்சு பூச்சிகளை விரட்டும் இயல்பும் உடையது. ஓரிடத்தில் விசிறினால் அங்குள்ளவற்றிற் சில மடியும்; எஞ்சியவை இன்னும் ஆழமான இடுக்குகளுக்கு இடம்பெயரும்.

முழு அறையையும் புகையால் நிரப்பும் 'புகைக் குண்டு' வகைகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் வட கரோலைனாவில் கரப்பான் மலிந்த குடியிருப்புகளில் நான்கு வகைப் புகைப்புட்டிகள் பரீட்சிக்கப்பட்டன. 2019 இல் வெளியான அதன் முடிவு, கரப்பான்களின் தொகை குறையவில்லை என்றும், மாறாக மனிதர் புழங்கும் தரையிலும் மேசைகளிலும் நஞ்சின் படிவு பெருமளவு கூடியிருந்தது என்றும் கூறியது. வட அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக் காலங்களில் பயன்படுத்தும் வீட்டு வாகனங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றில் எரிவாயு அடுப்பும், எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். புகைப்புட்டியில் உள்ள உந்துவாயு தீப்பற்றக்கூடியது. அணைக்க மறந்த சிறு சுடரும் வாகனத்தையே வெடிக்கச் செய்துவிடலாம். கனடாவிலும் பிற நாடுகளிலும் இத்தகைய வாகனங்களை வாடகைக்கு அமர்த்திச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

கரப்பானுக்கெனச் சந்தையில் விற்கப்படும் சோக்கட்டிகளும் இவ்வாறே. பிள்ளைகள் எழுதுகோல் என எண்ணி அவற்றைக் கையிலெடுக்கக்கூடும்; அமெரிக்காவில் அவை சட்டவிரோதமானவை. நப்தலீன் உருண்டைகளை ஆசனங்களுக்கடியில் இடுவதும் தகாது. ஒருவகைப் பரம்பரை நொதிக் குறைபாடு உடைய குழந்தைகளின் குருதிச் செங்கலங்களை நப்தலீன் சிதைக்கவல்லது. வயலுக்குரிய பீடைகொல்லியைக் கலந்து வாகனத்தினுள் தெளிப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை; அது உயிரோடு விளையாடுவதாகும். நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலுள்ளது என்பதை விற்பவரும் வாங்குவோரும் மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

வாகனத்தில் கரப்பானை ஒழிப்பது ஒருநாட் காரியமன்று; ஆறு முதல் எட்டு வாரங்கள் நீடிக்கும் ஓர் ஒழுங்குமுறை. அதன் படிகள் எளியவை.

முதலாவது, எண்ணிப் பார்த்தல். சிறிய ஒட்டுப்பொறி அட்டைகளைச் சாரதியின் அருகிலும் ஆசனங்களுக்கடியிலும் பொதித்தட்டிலும் மூன்று நான்கு இரவுகள் வைத்தால் பூச்சிகள் எங்கே கூடுகின்றன என்பது தெரிந்துவிடும். முழு வாகனத்தையும் நஞ்சில் நனைக்க வேண்டிய தேவை அப்போதே நீங்கிவிடுகின்றது.

இரண்டாவது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இடுக்குகளைச் சுத்தஞ்செய்தல். இதனால் பூச்சிகளோடு எச்சமும் முட்டைக் கூடுகளும் அகலும். கரப்பான்களை ஒன்றுகூட அழைக்கும் மணம் அவற்றின் எச்சத்திலேயே இருப்பதால் இது மிக அவசியம். உறிஞ்சிய பையை உடனே இறுகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நீரைத் தடுத்தல். குளிரூட்டியின் வடிகுழாயைச் சீராக்கி, ஈரமான விரிப்புகளை உலர்த்திவிட வேண்டும்.

நான்காவது, ஜெல் வடிவிலான இரை. வாகனங்களுக்கு மிகப் பொருத்தமானது இதுவே. அரிசிமணி அளவான துளிகளைப் பூச்சிகள் கூடும் இடுக்குகளின் வாயிலில் பல இடங்களில் இடவேண்டும். உண்ட கரப்பான் இடுக்குக்குத் திரும்பி மடியும். அதன் எச்சத்தையும் உடலையும் உண்ணும் குஞ்சுகளும் மடியும். காற்றில் நஞ்சு பரவாது. பயணிகளை இறக்க வேண்டியதுமில்லை. காலையில் வந்து மாலையில் மீண்டும் புறப்படும் பேருந்துக்கு இதைவிட வாய்ப்பான முறை வேறில்லை. ஆனால் அத்துளிகளின் அருகில் விசிறலைப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தினால் பூச்சி இரையை அணுகாது. பலரது முயற்சி தோல்வியுறுவது இவ்விடத்திலேயாகும்.

இரையையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். இனிப்புக்காகக் குளுக்கோஸ் சேர்த்த இரைகளை வெறுத்தொதுக்கும் கரப்பான்கள் தோன்றியுள்ளன. அவற்றின் நாவுக்குக் குளுக்கோஸ் கசக்கின்றது என்பதை 2013 இல் விஞ்ஞானிகள் நிறுவினர். நாம் ஒரே மருந்தை வருடக்கணக்கில் பற்றிக்கொண்டிருக்க, பூச்சியோ தன்னை மாற்றிக்கொண்டு விடுகின்றது.

ஐந்தாவது, புதிய வரவைத் தடுத்தல். நமது இரவுப் பேருந்துகள் பயணிகளோடு பொதிகளையும் ஏற்றுகின்றன. கருவாடு, பனங்கட்டி, பழங்கள் ஆகியன வரும் பழைய அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளே கரப்பான்களின் ஊர்தி. அவற்றைப் பயணிகள் பகுதியில் ஏற்றாது, கீழுள்ள பொதியறையில் மட்டும் ஏற்றுவது பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

வாகனத்தை வெயிலில் பூட்டி வைத்தால் போதும் எனச் சிலர் கூறுவர். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் கரப்பானைக் கொல்லும் என்பது உண்மையே. எனினும் அவ்வெப்பம் எல்லா இடுக்குகளுக்கும் ஒரேயளவில் சென்று சேர வேண்டும். வெயிலில் நிற்கும் பேருந்தின் அடிப்பகுதி அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. பூச்சிகள் அங்கே இறங்கிவிடும்.

பொறுப்பு யாருடையது?

பயணிகளுக்கும் இதிற் பங்குண்டு. ஆசனத்தில் உணவுண்டு மிச்சத்தை அங்கேயே செருகிவிட்டு இறங்கிச் செல்லும் வழக்கம் மாற வேண்டும். வீடு சேர்ந்ததும் பயணப் பையை நேரே அறைக்குள் கொண்டு செல்லாது, வெளியே வைத்து உதறிவிட்டு எடுத்துச் செல்வது நன்று. பேருந்திலிருந்து வீட்டுக்குக் குடியேறும் கரப்பானை ஒழிப்பது இன்னும் கடினம்.

ஆயினும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளர்களையும் அதிகாரிகளையுமே சாரும். மாகாணங்களுக்கிடையிலான பேருந்துகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. வாகனத்தின் தடுப்பும் சில்லும் பரிசோதிக்கப்படுவது போன்று, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்றும் அனுமதி புதுப்பிக்கப்படும் வேளையில் கோரப்படலாம். பயணிகள் இருக்கும்போது விசிறல் பயன்படுத்துவதைத் தடைசெய்ய ஒரு சுற்றறிக்கை போதும். இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை.

அன்றைய நடத்துனரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குத் தரப்பட்டது ஒரு புட்டி மட்டுமே. அதனை எங்கே, எப்போது, ஏன் பயன்படுத்தலாகாது என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கொழும்பிலுள்ள வைத்திய நிபுணரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டு ஊர் திரும்பும் தாய்மார் பலரும் ஏறுவது இந்தப் பேருந்துகளிலேயே. அவர்கள் மீண்டும் வைத்தியசாலைக்கே திரும்ப வேண்டிய நிலை ஏற்படாதிருக்கச் சம்பந்தப்பட்டோர் ஆவன செய்வார்களா?