குண்டு பல்பும் ஸ்டுடியோ விளக்கும்

படப்பிடிப்பில் பயன்படும் டங்ஸ்டன் விளக்கும் வீட்டில் எரியும் குண்டு பல்பும் ஒரே இனம்தான். இரண்டிலும் டங்ஸ்டன் இழை சூடேறித்தான் வெளிச்சம் வருகிறது. ஆனாலும் ஒரே காட்சியில் இரண்டும் எரிந்தால் நிறம் ஒட்டாது. ஸ்டுடியோ விளக்கின் நிற வெப்பநிலை 3200 கெல்வின்; 60 வாட் குண்டு பல்பு 2700, 2800 கெல்வினோடு நின்றுவிடும். இழையை அதற்கு மேல் சூடாக்கினால் டங்ஸ்டன் வேகமாக ஆவியாகி, இழை மெலிந்து அறுந்துவிடும். வீட்டு பல்பு சுமார் 1000 மணி நேரம் எரிய வேண்டுமே! ஸ்டுடியோ விளக்கு ஆயுளை விட்டுக்கொடுத்து வெண்மையை வாங்கிக்கொள்கிறது. டங்ஸ்டன் வகை ஃபிலிமும் அந்த 3200-க்கே தயாரிக்கப்படுகிறது. அதனால் மேசை விளக்கு சுவரில் செம்மஞ்சளாகப் படிய, அதன் அருகே உட்கார்ந்திருப்பவரின் முகம் மட்டும் வேறெங்கிருந்தோ ஒளி வாங்கியதுபோல் வெளிறிக் கிடக்கும். பல்பு தானே ஃபிரேமில் பெரும்பாலும் வெளுத்துத்தான் பதிவாகும். அதன் நிறத்தை நமக்குச் சொல்வது சுவரும் முகமும்தான்.

வெறும் 500 கெல்வின் இவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். பகல் வெளிச்சத்தில் செய்யாது. குறைந்த கெல்வின் உள்ள இந்தப் பக்கத்தில் செய்யும். 10 லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் கிடைப்பது மயர்ட். 5600-லிருந்து 5100-க்கு இறங்கினால் மாற்றம் 18 மயர்ட்தான்; 3200-லிருந்து 2700-க்கு இறங்கினால் 58. விளக்கின் முன் மாட்டும் நிற ஜெல் தாள்களின் கணக்கும் இதுவே. கால் சி.டி.ஓ. எனும் ஆரஞ்சு ஜெல் ஏறக்குறைய 60 மயர்ட் நகர்த்துவதால், அதை மாட்டிய ஸ்டுடியோ விளக்கு வீட்டு பல்பின் நிறத்துக்கு வந்துவிடும். இன்னொரு வழி டிம்மர். மின்னழுத்தத்தை 70 சதவீதமாகக் குறைத்தால் நிறம் சுமார் 2750 கெல்வினுக்கு இறங்கும். ஆனால் வெளிச்சமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். பெரிய கூடத்துக்கு அது கட்டுப்படியாகாது. குளோசப்புக்கு டிம்மரே மேல். வெளிச்சத்துக்கு மேலே சாயம் பூசாமல், இழையையே வீட்டு பல்பின் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதையெல்லாம் படப்பிடிப்புக்குப் பிந்தைய நிறத்திருத்தமான டி.ஐ.யில் சரிசெய்துகொள்ளலாம் என்பது இன்றைய மறுப்பு. காட்சி முழுக்க ஒரே நிற வெளிச்சம் என்றால் அது சரிதான். இரண்டு நிறங்கள் ஒரே கன்னத்தில் கலந்துவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றதும் கூடவே நகரும்; அசையும் முகத்தில் அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஐஸ் வைட் ஷட்’ (1999) படத்தில் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் வேரிலேயே தவிர்த்தார்கள். அறை விளக்குகளையும் கிறிஸ்துமஸ் மர விளக்குகளையுமே முக்கிய வெளிச்சமாக வைத்துக்கொண்டு, குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட ஃபிலிமை இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கழுவினார்கள்.

எல்.இ.டி.யில் 2700 என்று வைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அந்த எண் கண்ணுக்குத் தெரியும் சாயலை மட்டுமே சொல்கிறது. இழையின் ஒளி நீலத்திலிருந்து சிவப்பு நோக்கி இடைவெளியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், மலிவான எல்.இ.டி.களில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. தோலுக்கு உயிர் தருவது அந்தச் சிவப்புதான். நல்ல எல்.இ.டி.கள் இந்தக் குறையை வெகுவாகத் தீர்த்துவிட்டன, மறுப்பதற்கில்லை. இருந்தாலும் வாடகைக்கு எடுக்கும் விளக்கின் கெல்வின் எண்ணை நம்பிப் படப்பிடிப்புக்குப் போய்விடாதீர்கள்; ஒரு முகத்தின் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் குண்டு பல்பையும் வைத்து, முந்தின நாளே ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள்.