மோதிரம் மறைத்த கணக்கு

1971-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் ஆயிரம் பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் மலைப்பூட்டும் எண். ஆனாலும் அன்று அதை யாரும் பெரிய தேசியப் பிரச்சினையாகப் பேசவில்லை. காரணம், அந்தத் தாய்களில் பெரும்பாலோர் கையில் கல்யாண மோதிரம் இருந்தது. கரு தங்கியது தெரிந்ததும் அவசரக் கல்யாணம். ஊர் வாய் அடங்கிவிடும்.

மோதிரம் இல்லாதவளின் கதை வேறு. 1949 முதல் 1976 வரை அங்கே மணமாகாத தாய்களின் குழந்தைகள் சுமார் 1,85,000 பேர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அந்தத் தாய்களில் பலர் குடும்பமும் தேவாலயமும் அதிகாரிகளும் நெருக்கியதால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2022-ல் நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு சொன்னது.

1967-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1974-ல் வயது, திருமணம் எதையும் பாராமல் அரசு மருத்துவத்தில் கருத்தடை இலவசமானது. 1981-ல் இருபது வயதுக்குட்பட்ட பெண்களின் பிறப்பு எண் ஆயிரத்துக்கு 28-க்கு இறங்கியது. பிறகு முரண்டு பிடித்தது, 1991-ல் 33. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயிலும் பிரிட்டன் ஆயிரத்துக்கு 30.8-ல் நின்றது, மேற்கு ஐரோப்பாவிலேயே அதிகம். கடலுக்கு அக்கரையில் நெதர்லாந்தில் 6.2தான். யுனிசெப் 2001-ல் இந்தப் பட்டியலை வெளியிட்டது.

அதற்குள் டோனி பிளேர் அரசு 1999-ல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. பதினெட்டு வயதுக்குள் கருத்தரிப்பதை 2010-க்குள் பாதியாக்குவது இலக்கு. பிறப்புகளோடு கலைக்கப்பட்ட கருக்களையும் சேர்த்துக் கொள்வதால் இது வேறு அளவுகோல். இங்கிலாந்தில் 1998-ல் ஆயிரத்துக்கு 46.6 ஆக இருந்தது, 2010-ல் 35 அளவுக்குத்தான் வந்தது. இலக்கு தவறியது. ஆனால் சரிவு நிற்கவில்லை: 2014-ல் பாதிக்கும் கீழே, 2021-ல் 13 அளவில். பள்ளியில் பாலியல் கல்வி, எட்டும் தூரத்தில் கிளினிக், மேற்படிப்பில் நீடிக்கும் பெண்கள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் கைபேசியோடு அறைக்குள் முடங்கிவிட்டதுதான் காரணம் என்பாரும் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது, நிரூபிக்கத்தான் ஆளில்லை.

இந்த வயதுப் பெண்களுக்கு என்ன உரிமை என்ற பேச்சு ஒரு தாயின் வழக்கிலிருந்து தொடங்குகிறது. பதினாறு வயதாகாத பெண்ணுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் மருத்துவர் கருத்தடை தரலாம் என்ற அரசுச் சுற்றறிக்கையை எதிர்த்து, பத்துப் பிள்ளைகளின் தாயான விக்டோரியா கில்லிக் நீதிமன்றம் ஏறினார். முதலில் தோற்றார், 1984-ல் மேல்முறையீட்டில் வென்றார், 1985 அக்டோபரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், விஷயத்தைப் புரிந்து தானே முடிவெடுக்கும் பிள்ளையை இன்று அங்கே ‘கில்லிக் திறன்’ உள்ளவர் என்கிறார்கள். தோற்றவர் பெயரே சட்டச் சொல்லாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பின்படி, கருத்தடை கேட்டு வரும் பதினாறு வயதாகாத பெண்ணிடம், வீட்டில் சொல்லும்படி மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் மறுத்தால், அவளுக்கு விவரம் புரிகிறதா, கருத்தடை தராவிட்டால் உடல்நலமோ மனநலமோ கெடுமா என்று பார்த்து, அவள் நன்மை கருதி முடிவெடுக்கலாம். ரகசியம் காக்கப்படும். ஆனால் மிரட்டலோ சுரண்டலோ தெரிந்தால் பாதுகாப்பு அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். பதின்மூன்று வயதாகாத குழந்தையின் ‘சம்மதம்’ சட்டத்தில் செல்லாது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். பழைய அவசரக் கல்யாண வழியும் அடைபட்டுவிட்டது: 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினெட்டு முடியாமல் திருமணம் கிடையாது, பெற்றோர் சம்மதித்தாலும்.

கருவுற்ற மாணவியைப் பள்ளி அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. 2010-ன் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. இங்கிலாந்தில் இருபது வயதுக்குள் படிப்பைத் தொடங்கும் தாய், குழந்தைக் காப்பகச் செலவுக்கு ‘கேர் டு லேர்ன்’ உதவித்தொகை கேட்கலாம். குழந்தை எடை குறைந்து பிறப்பது, பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கு மனச்சோர்வு ஆகியவை இந்த வயதில் கூடுதல் என்பதால், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவச்சியைப் பார்ப்பது முக்கியம்.

சராசரி இறங்கியது எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. வசதியான பகுதிகளைவிட ஏழைப் பகுதிகளில் இளவயதுக் கருத்தரிப்பு இன்னும் கணிசமாக அதிகம். இங்கிலாந்தில் 2013-ல் பாலியல் நலக் கிளினிக்குகளில் பெரும்பாலானவை உள்ளாட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. 2015 முதல் அதற்கான அரசு மானியம் வெட்டுப்பட்டது. பள்ளி விட்டு மாலையில் வருகிற பெண், கிளினிக் கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.