கொல்லிமலையும் வன உரிமை விதிகளும்

பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் குடியானவரை நேரே தொடும் பகுதி அதன் பின்னரே ஆரம்பமாகிறது. எந்தப் படிவத்தில் மனுச் செய்வது, யார் விசாரிப்பது, எந்தச் சாட்சியம் செல்லும் என்பனவற்றை மத்திய அமைச்சகங்கள் விதிகளாக வகுத்து அரசிதழில் வெளியிடுகின்றன. சட்டம் அப்படியே இருக்க, விதி மட்டும் மாறுவதும் உண்டு. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பொறுத்தவரை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

13-12-2005-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்து பிழைத்துவரும் பழங்குடியினர்க்கு, அவர்கள் அனுபவத்திலுள்ள அளவுக்கு, நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல் இச்சட்டம் உரிமை அளிக்கிறது. தேன், கடுக்காய், மூங்கில் முதலிய சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையும் உண்டு. தம் பட்டா நிலத்தில் மிளகும் காப்பியும் வளர்ப்போர் அந்நிலத்திற்காக மனுச் செய்யவேண்டியதில்லை.

முதல் விதிகள் 1-1-2008 முதல் அமலுக்கு வந்தன. ஆனால் அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவினால் நம் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டது. 2016 பிப்ரவரியில்தான் அத்தடை உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது. எட்டாண்டுக் காலம் சிறிதன்று.

இதற்கிடையில், 2012 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. முன்பு கிராம சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் கூடினாலன்றிக் கூட்டம் செல்லாது. இப்போது பாதிப்பேர் வந்தால் போதும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாயிருத்தல் வேண்டும். மலையில் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் கூட்டினால் பாதிப்பேர்கூட வருவது அரிது. ஆகவேதான் ஒவ்வொரு குக்கிராமத்தையும் பட்டியலிட்டு, அதன் சபையிலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று திருத்தம் கூறுகிறது. அங்கத்தினர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இப்பட்டியலையே. அதில் விடுபட்ட ஊர் தன் கோரிக்கையைத் தானே முடிவு செய்வது கடினமாகிவிடும்.

கையில் காகிதம் இல்லையே என்று அஞ்சவேண்டாம். வரப்பு, சமன் செய்த நிலம், பழைய குடிசை, இடுகாடு ஆகியவையும், மனுதாரர் அல்லாத முதியோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் சாட்சியமாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் வேண்டும். வானிலிருந்து எடுத்த படம் துணைச் சான்றேயன்றி மற்றவற்றுக்கு மாற்று அன்று. சிறு வன மகசூலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபைக் குழுவே வழங்கலாம், கட்டணமும் கிடையாது.

விதிகள் எப்போதும் மக்கள் பக்கமே சாய்வதில்லை. வன நிலத்தை வேறு காரியத்திற்குக் கொடுக்குமுன் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று 2009-இல் சுற்றறிக்கை வந்தது. 2013-இல் ஒரிஸாவின் நியம்கிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்ஸைட் சுரங்கத்தை மறுத்தன. ஆயினும் 2022-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அனுமதி முந்தவும், உரிமைகளைத் தீர்க்கும் பொறுப்பு பின்னர் மாநிலத்தின்மேல் விழவும் வழி செய்தன. பாக்ஸைட் வெட்டப்பட்ட கொல்லிமலைக்கு இது தூரத்துச் செய்தி அன்று. சம்மதம் முன்னரே பெறுவதுதான் முறை என்பது நம் கருத்து.

வரைவு விதிகள் வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கக் காலம் தரப்படுகிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தபோது, அதனை அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடும்படி டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழில் கேட்பதில் கூச்சம் எதற்கு?

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவின்மேல் அறுபது நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.