ஆடிட்டருக்குப் படிக்கலாமா? முதலில் வீட்டுக் கணக்கைப் போடுவோம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்தில், அம்பேத்கர் படிப்பகத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரம். ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பி.காம். முடித்து ஓராண்டு ஆகிறது. 68 சதவீத மதிப்பெண். டவுனில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மாதம் 9 ஆயிரம் ரூபாய் சம்பளம்.

“அண்ணா, நான் சி.ஏ. படிக்கட்டுமா? ஆபீஸ்ல எல்லாரும் அது உனக்கு ஆவாதுன்னு சொல்றாங்க. அம்மா, நீங்க சொன்னா சரின்னுட்டாங்க.”

“படி” என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே திண்ணையில் ஒரு தம்பி இதே கேள்வியைக் கேட்டான். அப்போது நான் ஒன்றும் யோசிக்காமல், “நம்ம ஆளுங்க இதுல வரணும், விடாதே” என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அவன் சென்னைக்குப் போனான். அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பினார். அக்கா கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டாவது குழுத் தேர்வு ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்ணில் நழுவியது. ஐந்து ஆண்டு கழித்து ஊர் திரும்பினான். இன்று ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறான். என்னைப் பார்த்தால் இப்போதும் “வாங்கண்ணா” என்றுதான் சொல்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனிடம் அறிவு இருந்தது. நான் அவனுக்குக் கணக்குச் சொல்லவில்லை.

ஆகவே இந்தப் பெண்ணிடம், “அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோடு வா, உட்கார்ந்து கணக்குப் போடுவோம்” என்றேன். அந்த நோட்டில் எழுதியதைத்தான் இங்கே சொல்கிறேன். பி.காம். முடித்துவிட்டு முதல் வேலையில் நிற்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது.

கணக்கு யார் கையில்?

முதலில், இந்தப் படிப்பு நமக்கு ஏன் பெரிது என்பதைப் பார்ப்போம். என் தாத்தா பண்ணையில் வேலை செய்தவர். வாங்கிய நெல்லையும் பணத்தையும் பண்ணை வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதிவைப்பார். எவ்வளவு உழைத்துக் கழித்தாலும் கடன் குறையாது. கைநாட்டு வைத்தவருக்கு அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது கடைசி வரை தெரியாது. ஊர் நிலக் கணக்கும் அப்படித்தான், கர்ணம் வீட்டுப் பரம்பரைச் சொத்தாக இருந்தது. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. தேர்வும் இடஒதுக்கீடும் வந்த பிறகுதான் சிட்டாவும் அடங்கலும் நம் பிள்ளைகள் பலரின் கைக்கு வந்தன.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாகவே பேசுகிறோம். அவர் அடிப்படையில் பொருளாதாரம் படித்தவர். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய நூல் 1923-ல் லண்டனில் வெளிவந்தது. 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். கணக்கர் ஆக வந்த மாணவர்களுக்கு எதிரே, கரும்பலகைப் பக்கம் நின்றவர் அவர். ‘அது உனக்கு ஆவாது’ என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

இன்றைய தேவையும் இருக்கிறது. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், தொழில் தொடங்கும் நம் மக்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. அதற்குத் திட்ட அறிக்கை வேண்டும். பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு வேண்டும். இவற்றுக்காக நம் தொழில்முனைவோர் எத்தனை அலுவலக வாசலில் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் தெருவில் ஓர் ஆடிட்டர் இருந்தால் அந்த நிற்பு குறையும்.

பாதை எப்படி?

சி.ஏ. என்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் கொடுக்கும் உரிமம். கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட இவர்களால்தான் முடியும். பவுண்டேஷன், இன்டர்மீடியட், பைனல் என்று மூன்று படிகள். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதமும், மற்றப் பட்டங்களில் 60 சதவீதமும் எடுத்தவர்கள் முதல் படியைத் தாண்டி நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். நம் பெண்ணுக்கு அந்தத் தகுதி இருக்கிறது.

பதிவு செய்த பின் எட்டு மாதம் படிக்க வேண்டும். ஆறு தாள்கள், இரண்டு குழுக்கள். ஒவ்வொரு தாளிலும் 40, குழுவின் மொத்தத்தில் பாதி எடுத்தால் தேர்ச்சி. ஒரு குழுவை மட்டும் முதலில் எழுதலாம். இரண்டும் முடித்த பின், ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. 2023-க்கு முன் இது மூன்று ஆண்டாக இருந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து பைனல். எல்லாம் முதல் முறையிலேயே தேறினாலும் மூன்றரை ஆண்டு ஆகும்.

எல்லாம் முதல் முறையிலேயே தேறுவது அரிது. 2024 மே மாத இன்டர்மீடியட் தேர்வில் இரு குழுக்களையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 18 சதவீதம். அதே ஆண்டு செப்டம்பரில் 6 சதவீதத்துக்கும் கீழே. இதில் தோற்பவர்கள் எல்லாச் சாதியிலும் எல்லா வசதியிலும் இருக்கிறார்கள். ஆனால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தோல்வி என்பது சில மாதம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வட்டி ஏறும் சில மாதம்.

சாதி நுழையும் இடம்

விடைத்தாளில் பெயரும் ஊரும் இல்லை, எண்தான் இருக்கிறது. இந்தப் படிப்பில் இடஒதுக்கீடு கிடையாது, இத்தனை பேருக்குத்தான் இடம் என்ற வரம்பும் கிடையாது. யார் தேறினாலும் உரிமம். அதுவரை நல்லது.

சிக்கல் ஆர்ட்டிகிள்ஷிப்பில் வருகிறது. அது தனியார் அலுவலகத்தில், தெரிந்தவர் மூலம் கிடைக்கும் இடம். அப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டர், மாமாவின் நண்பர் என்று போகும் உலகம் அது. முதலில் சொன்ன தம்பி இடம் தேடிய நாட்களில் ஓர் அலுவலகத்தில் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “எந்த ஊர்? ஊரா, காலனியா?” என்று கேட்டார்கள். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவில்லை. ஆகவே, இடம் தேடும் வேலையைத் தேர்வு முடிந்த பிறகு தொடங்கக் கூடாது; படிக்கும்போதே தொடங்க வேண்டும். அந்த நிறுவனமே இணையத்தில் பயிற்சி இடங்களுக்கு வழி செய்து தருகிறது. அதையும் பயன்படுத்தலாம்.

இன்னொரு தடை மொழி. இந்தத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத முடியாது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளை தன் மொழியில் எழுதும் தேர்வை, விழுப்புரத்துக் கிராமத்துப் பிள்ளை அயல்மொழியில் எழுதுகிறாள். தமிழ் படித்தவன் என்ற முறையில் இது எனக்கு வலிக்கிறது. தமிழிலும் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அது நிறைவேறும் வரை இந்தப் பெண் காத்திருக்க முடியாது. தமிழ்வழியில் படித்தவர்கள் கணக்குத் தாளில் பயப்படுவதில்லை; சட்டத் தாளில்தான் தடுமாறுகிறார்கள். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

நோட்டில் எழுதிய வரவு செலவு

இன்டர்மீடியட் பதிவுக்குச் சுமார் 18 ஆயிரம். பைனலுக்கு 22 ஆயிரம். தேர்வுக் கட்டணமும் இடையில் வரும் கம்ப்யூட்டர் பயிற்சிக் கட்டணமும் தனி. இவை கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு இழக்கும் சம்பளம். பயிற்சிக் காலத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. இரண்டு ஆண்டுப் பயிற்சியும் பைனலுக்குப் படிக்கும் ஆறு மாதமும் சேர்த்து 30 மாதம். மாதம் 9 ஆயிரம் என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம். பயிற்சி உதவித்தொகை சில ஆயிரம் வரும். சென்னை விடுதியில் தங்கினால் அதற்கே போதாது.

இந்தக் கணக்கைப் பார்த்து அவள் அம்மா பயந்துபோனார். எதிர்ப்பக்கத்தையும் எழுதினோம். பாடப் புத்தகங்கள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசம். நேரலை வகுப்புகளும் இலவசமாக நடக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொட்டித் தனியார் கோச்சிங் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை விதிகளில் சி.ஏ. படிப்பும் இருக்கிறது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விதியைச் சொல்லிக் கேளுங்கள். வாயால் “கிடையாது” என்றால், எழுத்தில் பதில் கேளுங்கள். தாட்கோ அண்மை ஆண்டுகளில் நம் மாணவர்களுக்கு சி.ஏ. இன்டர்மீடியட் பயிற்சிக்கு விண்ணப்பம் அழைத்திருக்கிறது. மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் அடுத்த அறிவிப்பை விசாரியுங்கள். பட்டயக் கணக்காளர் நிறுவனமே நலிந்த பிரிவினருக்கு உதவித்தொகை கொடுக்கிறது.

பாதியில் நின்றால் எல்லாம் வீணா? இல்லை. இன்டர்மீடியட் தேறியவர்களுக்குக் கணக்குப் பிரிவில் சாதாரண பி.காம். பட்டதாரியைவிட நல்ல சம்பளம் கிடைக்கிறது. சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்காளர் படிப்பு பக்கத்துப் பாதை. அதில் 15 மாதப் பயிற்சிக்கு, கணக்குத் துறையில் பார்க்கும் வேலையையே காட்ட வழியுண்டு. வேலையை விட முடியாதவர்கள் இதை யோசிக்கலாம். முழுதும் முடித்தவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. தமிழ்நாடு கருவூலக் கணக்குத் துறையின் கணக்கு அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் தகுதி சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. இறுதித் தேர்ச்சிதான். அந்தப் பதவியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. தகுதியுள்ள நம் பிள்ளைகள் இருந்தால்தான் அது நமக்குப் பயன்படும்.

என்ன முடிவு?

மூன்று கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். ஒன்று, அடுத்த 30 மாதம் வீட்டில் சம்பாதிப்பது யார்? இரண்டு, எத்தனை முறை தோற்கலாம் என்று இன்றே முடிவு செய்ய முடியுமா? மூன்று, நிறுத்த வேண்டி வந்தால் அடுத்த வேலை என்ன? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தொடங்கலாம். இல்லையென்றால், இரண்டு ஆண்டு வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துவிட்டுத் தொடங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. இந்தப் படிப்புக்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் பொறுப்புகள் கூடக் கூட நேரம் குறையும், குறிப்பாகப் பெண்களுக்கு. கல்யாணப் பேச்சு வந்துவிட்டால் பாடப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். அதையும் அம்மாவிடம் நேராகச் சொன்னேன்.

அந்தத் தம்பியையும் போனில் பிடித்தோம். கோபமாகப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் அவளிடம் சொன்னது இதுதான்: “ரெண்டு குரூப்பையும் ஒண்ணா எழுதாதம்மா. நான் அதுலதான் போனேன். வேலையை விடாம ஒரு குரூப் எழுதிப் பாரு.”

அவள் அப்படியே முடிவெடுத்தாள். வேலையை விடாமல் முதல் குழு மட்டும். இரண்டு முறை எழுதுவது. அதற்குள் தேறாவிட்டால் சி.எம்.ஏ. பக்கம் அல்லது டி.என்.பி.எஸ்.சி. பக்கம் திரும்புவது. தேறினால், பயிற்சிக் காலத்துக்கு இப்போதிருந்தே மாதம் 2 ஆயிரம் ஒதுக்குவது. வீட்டுச் செலவைக் கல்லூரிப் படிப்பை முடிக்கும் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பதிவுக் கட்டணத்தை அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கித் தருகிறார்.

கிளம்பும்போது, “சட்டத் தாளுக்கு யாராவது சொல்லித்தருவாங்களாண்ணா?” என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டேன். அடுத்த ஞாயிறு முதல் படிப்பகத்தில் நிறுவனச் சட்டத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். செய்தி கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து இன்னும் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும் ஆடிட்டர்கள் யாராவது மாதம் ஒரு ஞாயிறு எங்கள் திண்ணைக்கு வந்தால், பாய் விரித்து வைத்திருப்போம்.