குரல் கொடுக்கும் மீன்

கத்தாழை என்றதும், சந்திரகிரிப் பக்கம் வாழும் தமிழன்பர்களுக்கு வேலியோரத்து முட்செடியே நினைவில் எழும். கடற்கரைத் தமிழர்க்கோ அது மீனின் பெயருமாகும். பன்னாவும் கூறலும் அதன் உறவினங்கள். சயனிடே என்னும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் உண்டு.

இவற்றுட் பல ஒலி எழுப்புவன. உடலினுள் அமைந்த காற்றுப்பையைத் தனித்த தசைகள் விரைந்து அதிர்விக்க, அது முரசுபோல முழங்குகிறது. முட்டையிடும் பருவத்தில் இம்முழக்கம் மிகும். தோற்றத்தில் ஒத்த இனங்களைப் பிரித்தறியவும் அப்பையே துணை. 1977-இல் எத்தல்வின் திரெவாவாஸ் அம்மையார் இந்தியப் பெருங்கடல், மேற்குப் பசிபிக் இனங்களை வகுத்தபோது, பையின் கிளைகளையும் செவிக்கற்களையும் சான்றாகக் கொண்டார்.

அப்பையே இம்மீனுக்குப் பகையும் ஆயிற்று. கூறலின் உலர்ந்த காற்றுப்பையைச் சீன வணிகர் பெருவிலைக்குக் கொள்கின்றனர். ஊனின் விலை அதற்கு முன் அற்பமே. முட்டையிடத் திரளும் கூட்டமோ, தன் முழக்கத்தாலேயே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மலேசிய மீனவருள், நீரில் மூழ்கிச் செவியாலேயே மீன்கூட்டம் தேர்ந்தோர் இருந்தனர்.

மெக்சிக்கோவின் டோட்டோவாபா என்னும் பேரினத்தைப் பிடிக்க 1975-இல் அந்நாட்டரசு தடை விதித்தது. பைக்காகக் கள்ளவலை வீசுவது ஓயவில்லை. அவ்வலையிற் சிக்கி, வாக்கிட்டா என்னும் சிறு கடற்பன்றியும் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

நம் நாட்டில், குஜராத் அரசு கோல் எனப்படும் கூறலை 2023-இல் மாநில மீனாக அறிவித்தது. பட்டம் வேறு, பாதுகாப்பு வேறு. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாள்களுக்குப் பின் முட்டையிடத் திரளும் கூட்டத்திற்கு அது காவலாகாது. சிறுகண் வலையிற் சிக்கும் குஞ்சுகளுக்கும் அவ்வாறே.